அப்பா ஏன் ஸ்டெம் செல் ஊசியை நம்புகிறார்?

"அப்பாவுக்கு 64 வயது, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். இரண்டு முட்டியிலும் தேய்மானம், மூன்றாம் நிலை என்கிறார்கள். கீரைக்கட்டு வாங்கினாலும் கணக்குப் பார்க்கிற மனிதர், இப்போது ஒரு காலுக்கு ஒன்றரை லட்சம் கொடுத்து ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று நிற்கிறார். இது வேலை செய்யுமா? அவரை எப்படித் தடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்; அதை மூட்டுக்குள் போட்டால், எலும்பு முனைகளை மெத்தைபோல் மூடியிருக்கும் குருத்தெலும்பு மீண்டும் வளரும் என்பதுதான் விற்பவர்கள் சொல்வது. கேட்டது இரண்டு கேள்வி. உங்களை உண்மையில் உறுத்துவது மூன்றாவது ஒன்று என்று நினைக்கிறேன்: இவ்வளவு விவரமானவர் இதை எப்படி நம்பினார்? அதிலிருந்தே தொடங்குகிறேன். அது புரியாமல் அவரிடம் பேசப் போனால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் எலும்பு மூட்டு மருத்துவர். பல ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் இருந்துவிட்டு இப்போது தனியாரில் வேலை. முழங்கால் மாற்று ஆபரேஷனில் எனக்கு வருமானம் இருக்கிறது. ஊசிக்கு எதிராக நான் சொல்வதைப் படிக்கும்போது அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவின் காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை, எக்ஸ்ரேயையும் பார்க்கவில்லை. பொதுவாக என்ன தெரியும் என்பதை மட்டுமே இங்கே சொல்ல முடியும்.

முட்டிவலி என்று போகிறவருக்கு நம்மூரில் பெரும்பாலும் இரண்டே பதில்கள் கிடைக்கின்றன. ஒன்று, வலி மாத்திரையும் கால்சியமும் எழுதிக் கொடுத்து "வயசானா அப்படித்தான், படி ஏறாதீங்க" என்பது. இன்னொன்று, "முட்டியை மாத்திடலாம், எப்ப வர்றீங்க?" இந்த இரண்டுக்கும் நடுவே எட்டு வருடம், பத்து வருடம் என்று வலியோடு வாழ்கிறவர்கள் ஏராளம். ஆபரேஷன் செய்யும் அளவுக்கு மோசமில்லை, சும்மா விடும் அளவுக்கு லேசும் இல்லை. அந்த இடைவெளிக்கு எங்களில் பலரிடம் நேரமே இல்லை. புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். ஊசி கிளினிக்கில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். பிளாஸ்டிக் முட்டி ஒன்றைக் கையில் கொடுத்துக் காட்டுகிறார்கள், எப்போது வலிக்கிறது, எதைச் செய்ய ஆசை என்று கேட்கிறார்கள். வலிக்காரருக்கு அதுவே பாதி மருந்து. நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தை நாங்கள் கொடுத்திருந்தால் பாதிப் பேர் அங்கே போயிருக்க மாட்டார்கள்.

அடுத்தது, நாங்களே கொடுத்த விளக்கம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாருங்க, கேப்பே இல்லை, எலும்பும் எலும்பும் உரசுது" என்போம். கணக்கு வாத்தியார் அதைக் கேட்டால் என்ன நினைப்பார்? இடைவெளி போனதால் வலி, இடைவெளி திரும்பினால் வலி போகும். தர்க்கம் சுத்தமாக இருக்கிறது, தொடங்கிய இடம்தான் பிசகு. படத்தில் தெரியும் தேய்மானத்துக்கும் ஆள் உணரும் வலிக்கும் நேர்க்கோட்டு உறவு கிடையாது. எக்ஸ்ரேயில் நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை இருந்தும் வயலில் வேலை செய்கிறவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். படம் ஏறக்குறைய சரியாக இருந்தும் படியிறங்க முடியாதவர்களும் வருகிறார்கள். குருத்தெலும்பில் நரம்பே இல்லை, ஆகவே வலி நேரடியாக அங்கிருந்து வருவதில்லை. மூட்டின் உள்சவ்வு அழற்சியிலிருந்து வருகிறது, குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பிலிருந்து வருகிறது, இளைத்துப்போன தொடைத்தசை தாங்காததால் வருகிறது. "குருத்தெலும்பை வளர்த்துத் தருகிறோம்" என்று ஒருவர் சொன்னால், நாங்கள் போட்ட தவறான கணக்குக்கு அவர் சரியான விடை சொல்கிறார். நம்பத்தானே செய்வார்கள்?

இதெல்லாம் மருத்துவமனைப் பக்கத்துக் காரணம். வீட்டுப் பக்கத்தில் இருப்பதை நோயாளிகள் எங்களிடம் எளிதில் சொல்வதில்லை. ஆபரேஷன் என்றால் குறைந்தது ஆறு வாரம் கூட ஒருவர் இருக்க வேண்டும். மகன் வெளிநாட்டில், மகள் பெங்களூரில், அம்மாவுக்கே இடுப்புவலி. "பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாம்" என்று ஊசியைத் தேர்ந்தெடுத்தவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஊசி போட்டால் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம் அல்லவா? இன்னொன்று, தரையில் உட்காருவது. மூட்டு மாற்றியபின் சம்மணம் போடாதீர்கள், குத்தவைக்காதீர்கள் என்று சொல்லிவிடுகிறோம். பூஜையறையில் தரையில் உட்கார்ந்து பழகியவருக்கு, கிராமத்து வீட்டில் இந்தியக் கழிப்பறை மட்டுமே உள்ளவருக்கு, அது சின்ன இழப்பில்லை. தெருவில் ஆபரேஷன் செய்தும் வலி போகாத ஒரு அத்தையோ சித்தப்பாவோ நிச்சயம் இருப்பார்கள். அந்தப் பயமும் கற்பனையில்லை: மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி இல்லை என்றே ஆய்வுகளில் சொல்கிறார்கள். இவற்றோடு "உங்க உடம்பிலிருந்து எடுத்து உங்களுக்கே போடுறோம், பக்கவிளைவே இல்லை" என்ற வாக்கியத்தையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் அப்பா ஏமாளி இல்லை. அவர் முன் வைக்கப்பட்ட தகவல்களுக்கு அவர் எடுத்த முடிவு பொருத்தமானதுதான்.

இனி, வேலை செய்யுமா என்ற கேள்வி. உங்கள் உறவினர் ஒருவர் ஊசி போட்டு நன்றாக நடக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு வலி குறைந்தது உண்மையாகவே இருக்கும். ஆனால் எதனால் குறைந்தது? முட்டி வலி ஏறி இறங்கும் வலி. உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் லட்ச ரூபாய் எடுத்துக்கொண்டு கிளம்புவார். அங்கிருந்து அது இறங்கத்தான் செய்யும், ஊசி போட்டாலும் போடாவிட்டாலும். மூட்டுக்குள் குத்தும் ஊசிக்கு, அதில் வெறும் உப்புநீர் இருந்தாலும், மாத்திரையைவிடப் பெரிய போலிமருந்து விளைவு, அதாவது மருந்தே இல்லாமல் சிகிச்சை பெற்றோம் என்ற எண்ணத்தால் வரும் முன்னேற்றம், உண்டு. எவ்வளவு பெரிது? 2024-இல் வெளிவந்த, எடை குறைக்கும் செமாகுளுடைடு மருந்தின் ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எடை அதிகமாக உள்ள முழங்கால் தேய்மானக்காரர்கள் 407 பேர். தோலுக்கடியில் வாராவாரம் மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்டு, உணவு, நடை பற்றிய ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவினருக்கே, 100-க்கு 70 அளவில் இருந்த வலி 27 புள்ளி குறைந்தது. உண்மை மருந்து பெற்றவர்களுக்கு 41 புள்ளி இறங்கியது. அந்த 27-ஐக் கழிக்காமல் எந்தச் சிகிச்சையின் வெற்றியையும் கணக்கிடக் கூடாது. இந்தக் கழித்தல் உங்கள் அப்பாவுக்கு ஒரு நிமிடத்தில் புரியும்.

ஸ்டெம் செல்லுக்கே நேராக இந்தக் கழித்தலைச் செய்துபார்த்த ஓர் அழகான ஆய்வு உண்டு. 2017-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்டது. சிறியது, 25 பேர்தான். எல்லோருக்கும் இரண்டு முழங்காலிலும் வலி. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துச் செறிவாக்கி ஒரு காலில் போட்டார்கள், மற்ற காலில் உப்புநீர். எந்தக் காலில் எது என்று நோயாளிக்குத் தெரியாது. சில மாதம் கழித்துப் பார்த்தால் வலி நன்றாகக் குறைந்திருந்தது, இரண்டு காலிலும், ஏறக்குறைய ஒரே அளவில். செல் போன காலுக்கும் உப்புநீர் போன காலுக்கும் பெயர் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இதற்கு ஒரு மாற்று விளக்கமும் சொல்லலாம்: ஒரு மூட்டில் போட்ட செல்கள் ஏதோ இரசாயனங்களைச் சுரந்து மறு காலையும் குணமாக்கியிருக்கலாம் என்று. அப்படி இருக்க வாய்ப்பு குறைவு என்பது என் எண்ணம், ஆனால் அந்த ஒரு ஆய்வை வைத்து அதை முழுதாகத் தள்ளிவிட முடியாது.

பெரிய ஆய்வு 2023-இல் வந்தது. அமெரிக்காவில் சுமார் 480 பேர். சொந்த மஜ்ஜையிலிருந்து எடுத்தது, சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்தது, தொப்புள்கொடித் திசுவிலிருந்து வளர்த்தது என்று மூன்று வகைச் செல் ஊசிகளை மலிவான ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் மூன்றில் ஒன்றுகூட ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. எம்ஆர்ஐ படத்திலும் குருத்தெலும்பு வளர்ந்ததற்கான அடையாளம் இல்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பு) மறுஆய்வு 2025-இல் சொன்னது இது: போலி ஊசியோடு ஒப்பிட்டால் வலியும் நடமாட்டமும் சற்றே மேம்படலாம், ஆனால் சான்றின் உறுதி குறைவு. "சற்றே", "மேம்படலாம்" என்ற இரண்டு சொற்களுக்கு மூன்று லட்ச ரூபாய் கொடுப்பதா என்பதுதான் உங்கள் வீட்டுக் கேள்வி.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. பெங்களூரின் ஸ்டெம்ப்யூட்டிக்ஸ் நிறுவனம் தயாரித்த ஒரு செல் மருந்துக்கு, இரண்டாம், மூன்றாம் நிலை முழங்கால் தேய்மானத்துக்காக, 2022-இல் நம் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. அது நோயாளியின் சொந்தச் செல் அல்ல. கொடையாளர்கள் பலரின் மஜ்ஜைச் செல்களைச் சேர்த்து ஆய்வகத்தில் வளர்த்து, இரண்டரைக் கோடி செல் என்று அளந்து, ஒரே ஊசியாகப் போடுவது. 146 பேரிடம் செய்த மூன்றாம் கட்ட ஆய்வில் போலி ஊசியைவிட ஓராண்டுவரை வலியும் விறைப்பும் குறைவாக இருந்தன. ஆனால் ஆய்வை நடத்தியது தயாரிப்பாளரே. 146 பேர் என்பதும் சின்ன எண். தொடர்பில்லாத வேறொரு குழு இதே முடிவைக் காட்டும்வரை நான் காத்திருப்பேன். இருந்தாலும் இது முறையாகச் சோதித்து, அளவு நிர்ணயித்து வந்த பொருள். உங்கள் அப்பாவுக்குச் சொல்லப்பட்டது இதுவா, வேறா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏனென்றால் "ஸ்டெம் செல்" என்ற ஒரே பலகைக்குப் பின்னால் பல சரக்குகள் இருக்கின்றன. மிகச் சாதாரணமாக நடப்பது, கையிலிருந்து இரத்தம் எடுத்துச் சுழற்றிப் போடும் பிஆர்பி. அதில் இருப்பது இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், ஸ்டெம் செல் கிடையாது. அதையும் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்புநீரோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஓராண்டில் வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2021-இல் வெளியிட்டார்கள். அடுத்தது, இடுப்பெலும்பு மஜ்ஜையை எடுத்து அன்றே செறிவாக்கிப் போடுவது. மஜ்ஜையில் உள்ள உட்கருச் செல்களில் நாம் தேடும் ஸ்டெம் செல் பத்தாயிரத்தில் ஒன்று, சில நேரம் லட்சத்தில் ஒன்று. வயது ஏற ஏற இன்னும் குறையும். 64 வயதுக்காரரின் ஊசியில் எத்தனை இருந்தது என்று எண்ணிச் சொல்லும் கிளினிக்கை நான் இதுவரை பார்க்கவில்லை. விதை நட்டால் முளைப்பதுபோல் அந்தச் செல்கள் மூட்டில் ஒட்டிக் குருத்தெலும்பாக வளரும் என்று நோயாளிகள் நினைக்கிறார்கள். ஊசியாகப் போட்ட செல்களில் பெரும்பாலானவை மூட்டில் நெடுநாள் தங்குவதே இல்லை. அவை ஏதாவது செய்தால், இருக்கும் சில நாளில் அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரப்பதால்தான் செய்யும் என்பது இப்போது துறையில் பரவலான கருத்து. தேய்ந்த இடம் நிரம்புவதில்லை. கால் உள்பக்கம் வளைந்திருந்தால் அந்த வளைவும் நிமிர்வதில்லை, உடம்பின் பாரம் அதே இடத்தில்தான் விழுந்துகொண்டிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டு நெறிகள்படி, இரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் பதிவுசெய்த ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. 2019-இன் புதிய மருந்து விதிகள் ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்கிய செல்களைப் புதிய மருந்தாகவே கருதுகின்றன. அன்றே எடுத்து அன்றே போடும் வகைகள் அந்த வரையறையின் ஓரத்தில் நழுவிக்கொண்டு வியாபாரமாகின்றன. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கம் 2019-இல் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு ஸ்டெம் செல் ஊசியும் பிஆர்பியும் வேண்டாம் என்று அழுத்தமாகவே எழுதியது. அதன் முக்கியக் காரணம் ஊசிக்கு ஊசி உள்ளே இருப்பது வேறுபடுகிறது என்பது.

ஆபத்து உண்டா? சுத்தமான இடத்தில், சொந்த மஜ்ஜையை முறையாகப் போட்டால் பெரிய ஆபத்து அரிது. இரண்டு மூன்று நாள் வீக்கம், இடுப்பில் எடுத்த இடத்தில் வலி, அவ்வளவுதான். ஆனால் 2018-இல் அமெரிக்காவில் தொப்புள்கொடி இரத்தப் பொருளை மூட்டிலும் முதுகிலும் போட்டுக்கொண்ட 12 பேர் கிருமித்தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சீழ் பிடித்த மூட்டு ஒன்றைச் சுத்தம் செய்து காப்பாற்றுவது எவ்வளவு பாடு என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் நான் அதிகம் பார்ப்பது வேறொரு சேதம். ஊசியை நம்பி உடற்பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். இன்னும் மோசம், கைவிரல் மூட்டுகளும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரம் விறைத்திருக்கும் முடக்குவாதக்காரர்கள், முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தொடங்க வேண்டிய நேரத்தில் ஊசிக்குப் போய் மூட்டுகளை இழக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு அந்த அறிகுறிகள் உண்டா என்று ஒருமுறை கவனியுங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? நடு இடைவெளியை நிரப்ப வேண்டும். உறுதியாகத் தெரிந்தவை அலுப்பானவை: தொடைத்தசையை வலுவாக்கும் பயிற்சி, எடை குறைப்பு, மேலே தடவும் டிக்ளோஃபெனாக் ஜெல், வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் ஊன்றுகோல். எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறையும். 2015-இல் டென்மார்க்கில், மூட்டு மாற்றத் தகுதியானவர்கள் என்று மருத்துவர்கள் முடிவு செய்த 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு ஆபரேஷனும் 12 வாரப் பயிற்சித் திட்டமும், மீதிப் பேருக்குப் பயிற்சித் திட்டம் மட்டும். ஆபரேஷன் செய்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது, அதை ஒளிப்பதற்கில்லை. ஆனால் பயிற்சி மட்டும் செய்தவர்களும் தேறினார்கள், ஓராண்டில் அவர்களில் நான்கில் ஒருவர்தான் ஆபரேஷனுக்குப் போனார். பயிற்சி என்றால் தாளில் படம் போட்டுக் கொடுத்து அனுப்புவதல்ல. ஒரு பிசியோதெரபிஸ்ட் கூட நின்று, வாரம் இரண்டு முறை, மூன்று மாதம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, காலை நீட்டித் தூக்கி நிறுத்துவது, படிக்கட்டில் ஏறி இறங்கும் பயிற்சி. முதல் இரண்டு வாரம் வலி கொஞ்சம் கூடும், அங்கேதான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டு வாரம் நீங்கள் தினமும் ஃபோன் செய்து விசாரித்தால் அதன் பயன் பெரிது.

ஆபரேஷனைப் பற்றியும் அவருக்குச் சரியான எண்களைச் சொல்லுங்கள். மாற்றிய முழங்கால் மூட்டுகளில் நூற்றுக்கு 82 அளவில் 25 ஆண்டு தாக்குப்பிடிக்கின்றன என்று 2019-இல் பல நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். 64 வயதில் செய்தாலும் அவசரப்பட்டதாகாது, தள்ளிப்போட்டாலும் கதவு மூடிவிடாது. உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பாதி மூட்டு மாற்றும் வழியும் உண்டு. செலவும் அவர் நினைக்கும் அளவில் இருக்க வேண்டியதில்லை. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் அரசு 54,720 ரூபாய், வரி தனி, என்று உச்சவிலை வைத்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் மூட்டு மாற்று இருக்கிறது.

அவரைத் தடுக்காதீர்கள், கணக்குப் போடச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஆய்வாளர்கள் நோயாளிபோல் ஃபோன் செய்து விசாரித்தபோது கிளினிக்குகள் சொன்ன சராசரி வெற்றி 82 சதவீதம், சராசரி விலை ஐந்தாயிரம் டாலருக்குச் சற்று மேல். உங்கள் அப்பாவுக்கும் இப்படி ஒரு சதவீதம் சொல்லியிருப்பார்கள். அது எத்தனை பேரில், எத்தனை மாதத்தில், எதோடு ஒப்பிட்டு என்று அவர் கேட்கட்டும். ஊசியில் என்ன இருக்கிறது, அனுமதி எண் என்ன என்பதை எழுத்தில் வாங்கட்டும். "ஆய்வு" என்று சொன்னால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டு எண்ணைக் கேட்கட்டும், அது இணையத்திலேயே சரிபார்க்கக்கூடியது. ஆறு மாதம் கழித்துக் குணமில்லை என்றால் என்ன செய்வார்கள் என்றும் கேட்கட்டும். "இந்த வாரத்துக்குள் கட்டினால் தள்ளுபடி" என்று பதில் வந்தால் அவரே எழுந்து வந்துவிடுவார் என்று நினைக்கிறேன். எல்லாம் கேட்டபிறகும் போட்டுக்கொள்ள நினைத்தால் அது அவர் பணம், அவர் கால். ஊசி போட்டபின் காய்ச்சலோடு முட்டி சூடாகி வீங்கினால் அன்றே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நான் சொன்னதெல்லாம் வயதானவரின் முழங்கால் தேய்மானத்துக்கு. இரத்த ஓட்டம் தடைப்பட்டு இடுப்பெலும்புத் தலை செத்துப்போகும் நோயில், தொடக்க நிலையில் எலும்பில் துளையிட்டு மஜ்ஜைச் செறிவு வைப்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. விளையாட்டில் அடிபட்டு ஒரே இடத்தில் குருத்தெலும்பு பெயர்ந்த இளைஞர்களுக்குச் செய்யும் செல் சிகிச்சையும் வேறு கதை. அந்த வெற்றிகளைக் காட்டி 64 வயது முட்டிக்கு விற்பதும் நடக்கிறது.

ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவின் எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததா, படுத்தபடி எடுத்ததா என்று பாருங்கள். படுத்து எடுத்திருந்தால் பாரம் ஏறும்போது இடைவெளி எவ்வளவு என்று அதில் சரியாகத் தெரியாது. நிற்க வைத்து இரண்டு காலும் சேர்த்து ஒன்று எடுத்து, தேய்மானம் உள்பக்கமா, முட்டிச்சில்லுக்குப் பின்னாலா, கால் வளைந்திருக்கிறதா என்ற விவரத்தோடு எழுதினால் இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.